ஐய வினாவும் மறை விடையும்: ஆங்கிலப் பயிலுநர் அகராதிகள் – ஒரு மதிப்பீடு

ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத நிலையில் அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் எழுப்பும் வினா, அம்மொழியைக் கற்கும் மாணவர் எழுப்பும் வினாவினின்றும் வேறானது. மாணவர் சொல்லின் பொருளைக் கேட்கிறார். ஆசிரியர்க்குப் பொருள் தெரியும். அவர் முன் திருத்த வேண்டிய விடைத்தாள் ஒன்று கிடக்கிறது. அதில் ‘எக்ஸ்பிளெயின் மீ திஸ் லெசன்’ என்றொரு தொடர் காணப்படுகிறது. ‘டெல் மீ’ சரி, ‘கிவ் மீ’ சரி, ‘ஷோ மீ’ சரி. ‘எக்ஸ்பிளெயின் மீ’ மட்டும் ஏன் ஆகாது? ‘அட்வைஸ்’ என்ற வினையுடன் ‘ஹிம் டு கோ’ சேரும். ‘சஜஸ்ட்’ என்ற வினையுடன் அது சேராதா? ‘இன்ஃபர்மேஷன்’ என்பதற்குப் பன்மை உண்டா? இவை கருத்தரங்குகளில் எழுப்பப்படும் வினாக்கள் அல்ல. அன்றாட வகுப்பறை வினாக்கள். சிறியவைதாம். ஆயினும் ஒவ்வொன்றின் விடையிலும் ஒரு மாணவரின் மதிப்பெண்ணும், அதற்கு மேலாக ஆசிரியரின் தன்மதிப்பும் தங்கியிருக்கின்றன.

இவ்வினாக்களை ஆங்கில அகராதிகள் எதிர்கொண்ட முறையைத் தமிழ் இலக்கணம் கூறும் வினா விடைப் பாகுபாட்டின் துணைகொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. விடையும் வினாவும் வழுவின்றி அமைதல் வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதியாகவே வைத்தார். பவணந்தியார் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாகவும், விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாகவும் பகுத்தார். விடைகளுள் முதல் மூன்றும் வெளிப்படை. எஞ்சிய ஐந்தும் குறிப்பு. பள்ளி இலக்கணப் பாடமாக மனப்பாடம் செய்யப்பட்டு மறக்கப்படும் இப்பாகுபாடு, அகராதி என்னும் நூல்வகையைத் திறனாய்வதற்கு ஏற்ற கருவி என்பது போதிய அளவு உணரப்படவில்லை. அகராதி என்பது விடைகளின் தொகுப்பு. எவ்வகை வினாவுக்கு எவ்வகை விடை என்று கேட்டால் மட்டுமே அதன் தரம் புலப்படும்.

அறியா வினாவும் ஐய வினாவும்

பொருள் தெரியாத சொல்லுக்குப் பொருள் கேட்பது அறியா வினா. இருவேறு வடிவங்களுள் எது என்று தடுமாறுவது ஐய வினா. உரையாசிரியர்கள் காட்டும் ‘குற்றியோ மகனோ’ என்ற எடுத்துக்காட்டில், ஐயுறுபவனுக்குக் குற்றியும் தெரியும், மகனும் தெரியும். தொலைவில் தோன்றுவது எது என்பதே தெரியாது. பிறமொழி ஆசிரியரின் நிலையும் இதுவே. அவருக்கு மொழியின் பொது விதிகள் தெரியும். கண்முன் நிற்கும் ஒரு தொடர் அவ்விதிகளுள் எதன்பாற்படும் என்பதே ஐயம். ஆகவே ஐய வினா அறியாமையின் அடையாளமன்று. ஓரளவு அறிந்த பின்னரே எழக்கூடியது. தாய்மொழியாளர்க்கு அது எழுவதே இல்லை. ஆங்கிலேயக் குழந்தை ‘எக்ஸ்பிளெயின் மீ’ சரியா என்று கேட்பதில்லை. அதற்கு அப்படியொரு தொடர் தோன்றுவதில்லை.

இதன் விளைவு எளிது. தாய்மொழியாளர்க்காக எழுதப்பட்ட அகராதிகளில் இவ்வினாக்களுக்கு விடை இல்லை. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியும், 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டுப் பேரகராதியும் சொல்லின் பொருளையும் வழக்காற்றுச் சான்றுகளையும் தருகின்றன. ஒவ்வொரு மேற்கோளும் ‘இவ்வாறு எழுதினர்’ என்று சுட்டுகிறது. ‘இவ்வாறு எழுதார்’ என்பதை எந்த மேற்கோளும் சொல்ல இயலாது. பேரகராதியில் ஒரு தொடரமைப்பு காணப்படவில்லை என்றால், அது வழக்கில் இல்லையா, இருந்தும் தொகுப்பாளர் கைக்கு எட்டவில்லையா, இடமின்மையால் விடப்பட்டதா என்பதை அறிய வழியில்லை. விடை எட்டனுள் சுட்டு மட்டுமே அங்கு உண்டு. மறை இல்லை.

1926இல் வெளிவந்த ஃபவுலரின் ஆங்கில வழக்கு நூல் மறை விடைகளால் நிரம்பியதாயிற்றே என்று வினவலாம். உண்மைதான். ஆனால் ஃபவுலர் மறுத்தவை ஆங்கிலேயர் எழுதிய பிழைகள். ஆங்கிலேயர் எவரும் எழுதாத ஒன்றை அவர் மறுக்க வேண்டிய தேவை எழவில்லை. தடை என்பது மீறல் நிகழும் இடத்தில்தான் பிறக்கும். டோக்கியோவிலோ டாக்காவிலோ நிகழும் மீறல் லண்டனில் எழுதப்பட்ட நூலுக்குத் தெரியாது. எனவே ஆசிரியரின் ஐய வினாவுக்கு விடை தேடும் நூல் ஆங்கிலநாட்டிற்கு வெளியே தோன்றியது தற்செயலன்று.

டாக்கா, டோக்கியோ

இவ்வகையில் இரண்டு முயற்சிகள் குறிப்பிடத்தக்கன. முதலாவது வங்காளத்தில் நிகழ்ந்தது. இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து, டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய மைக்கேல் வெஸ்ட், வங்க மாணவர்க்கு ஆங்கிலத்தில் முதற்கண் வேண்டுவது படிக்கும் திறனே என்று கருதினார். 1926இல் வெளிவந்த இருமொழியம் பற்றிய அவரது நூல் இக்கருத்தை விளக்குவது. 1935இல் எண்டிகாட் என்பவருடன் இணைந்து அவர் வெளியிட்ட அகராதி ஏறத்தாழ 24,000 சொற்களையும் மரபுத்தொடர்களையும் வெறும் 1,490 சொற்களைக்கொண்டே விளக்கியது. இது பெரிய சாதனை. ஆயினும் அந்நூல் விடை தருவது அறியா வினாவுக்கே. படிப்பவனுக்குப் பொருள் கிடைக்கும். எழுதுபவனுக்கு அமைப்பு கிடைக்காது. அக்கால வங்காளத்து மாணவரை நோக்க வெஸ்ட்டின் தேர்வு நியாயமானதே. ஆனால் அம்மாணவர் படிப்போடு நின்றுவிடுவார் என்ற எதிர்பார்ப்பு அதனுள் பொதிந்திருக்கிறது. தேர்வு எழுதியும் விண்ணப்பம் எழுதியும் வாழ வேண்டியிருந்த ஒரு தலைமுறைக்கு அது போதுமானதாக இல்லை.

இரண்டாவது முயற்சி ஜப்பானில் நிகழ்ந்தது. பெல்ஜியத்தில் மொழியாசிரியராகத் தொழில் தொடங்கிய ஹெரால்டு பாமர் 1922இல் ஜப்பானியக் கல்வி அமைச்சின் மொழியியல் அறிவுரைஞராகச் சென்றார். மறு ஆண்டு ஆங்கிலம் கற்பித்தல் ஆய்வுக்கென ஒரு நிறுவனத்தை அங்கே தோற்றுவித்தார். 1924இல் ஜப்பானுக்கு வந்து ஓய்தாவில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி அவருடன் சேர்ந்தார். இந்நிறுவனம் ஜப்பானிய ஆங்கிலாசிரியர்களைக் கூட்டி ஆண்டுதோறும் மாநாடு நடத்தியது; இதழ் வெளியிட்டது. 1933இல் சொற்சேர்க்கைகள் பற்றிய அறிக்கையையும், 1938இல் ஏறக்குறைய ஆயிரம் சொற்களுக்கான ‘சொல் இலக்கண’ நூலையும் பாமர் வெளியிட்டார். ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய மூவரும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சாயிற்று. போர் மூண்டு, ஆங்கிலம் பகைவரின் மொழியாகிவிட்ட நாட்டில் ஓர் ஆங்கில அகராதி வெளிவந்தது என்பது வியப்புக்குரியது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக அச்சகம் அதை 1948இல் படியெடுத்து வெளியிட்டது. 1952 முதல் அது ‘உயர்நிலைப் பயிலுநர் அகராதி’ என்று பெயர்பெற்றது. இந்தியக் கல்லூரி நூலகங்களில் அட்டை கிழிந்து கிடக்கும் அதே நூல்தான்.

முற்றிய பட்டியலின் பயன்

ஹார்ன்பியின் அகராதியில் பலரும் பாராட்டுவது அதன் எளிய விளக்கங்களை. அதனினும் பாராட்டத்தக்கது வேறொன்று உண்டு. ஆங்கில வினைகள் ஏற்கும் தொடரமைப்புகளை 25 எனக் கணக்கிட்டு, அவற்றை முன்னுரைப் பகுதியில் அட்டவணைப்படுத்தி, ஒவ்வொரு வினைக்கும் அது ஏற்கும் அமைப்புகளின் எண்களை அகராதிப் பதிவில் குறித்தனர். பாமரின் 1938ஆம் ஆண்டு நூலில் இவ்வமைப்புகள் 27ஆக இருந்தன. எண்ணிக்கை முதன்மையன்று. பட்டியல் முற்றியது என்பதே முதன்மை.

இதன் ஆற்றலை ‘சஜஸ்ட்’ என்ற வினையைக்கொண்டு விளக்கலாம். தமிழ் மாணவர் ‘அவனைப் போகச் சொன்னேன்’, ‘அவனைப் போகப் பணித்தேன்’, ‘அவனைப் போகத் தூண்டினேன்’ என்ற ஒரே அமைப்பில் பல வினைகளை அடுக்குகிறார். ஆங்கிலத்திலும் ‘டெல்’, ‘ஆர்டர்’, ‘அட்வைஸ்’, ‘பெர்சுவேட்’ ஆகியவை ஒரே அமைப்பை ஏற்கின்றன. பொருளால் இவற்றோடு நெருங்கிய ‘சஜஸ்ட்’ மட்டும் ஏற்பதில்லை. பேரகராதியைப் புரட்டும் ஆசிரியர் ‘சஜஸ்ட் ஹிம் டு கோ’ என்ற மேற்கோளைக் காணாமையால் எதையும் முடிவு செய்ய முடியாது. ஹார்ன்பியின் அகராதியில் அவர் காண்பதோ வேறு. ‘அட்வைஸ்’ என்பதன் எதிரே அந்த அமைப்பின் எண் இருக்கிறது. ‘சஜஸ்ட்’ என்பதன் எதிரே அந்த எண் இல்லை. எல்லா அமைப்புகளும் எண்ணிடப்பட்டுவிட்ட நூலில் ஓர் எண் இல்லாமை என்பது வெறும் இல்லாமையன்று. அது மறுப்பு. ஒரு சொல்லும் கூறாமலேயே அகராதி மறை விடை தந்துவிடுகிறது. மேற்கோளுக்கு மேல் மேற்கோள் அடுக்கும் பேரகராதியால் இயலாத ஒன்றை இச்சிறு நூல் செய்தது.

பெயர்ச்சொற்களில் எண்ணத்தக்கவை, எண்ணத்தகாதவை என்று குறித்த முறையும் இத்தகையதே. ‘அட்வைஸ்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்’, ‘லக்கேஜ்’ ஆகியன பன்மை ஏலா என்பதைப் பொருளைக்கொண்டு ஒருவர் உணர்ந்துவிட முடியாது. நாற்காலிகளை எண்ணலாம், ‘ஃபர்னிச்சர்’ என்பதை எண்ணலாகாது. ‘அறிவுரைகள்’, ‘செய்திகள்’ எனத் தமிழில் தயக்கமின்றி வரும் பன்மை, தமிழர் எழுதும் ஆங்கிலத்திலும் வந்துவிடுகிறது. இங்கே ஒரு முரண் கருதத்தக்கது. ‘இரண்டு மரம்’, ‘பத்து மாடு’ என்று அஃறிணைப் பெயரைப் பன்மை விகுதியின்றியே வழங்குவது தமிழ் மரபு. இதனைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். விகுதி வேண்டாத இடத்திலும் பொருள் குறையாத மொழியைப் பேசுவோர், விகுதி கட்டாயமான இடத்தில் அதை விடுதலும், விகுதி ஏலாத இடத்தில் சேர்த்தலும் ஆகிய இரு பிழைகளையும் செய்கின்றனர். முதற்பிழையைத் தாய்மொழியின் தாக்கம் எனலாம். இரண்டாவதை அவ்வாறு மட்டும் கூறி அமைய முடியாது. கற்ற விதியை மிகையாகப் பொருத்தியதும் அதில் உண்டு. தமிழ்த் துறைகளில் எழுதப்படும் ஒப்பீட்டு இலக்கண ஆய்வேடுகள் எல்லாப் பிழைகளையும் தாய்மொழியின் மேல் ஏற்றிவிட்டு நிறைவடைவது வருந்தத்தக்கது.

இம்முறைக்குக் குறையும் உண்டு. அது சிறிய குறையன்று. 25 எண்களை எந்த ஆசிரியரும் நினைவில் வைத்திரார். ஒவ்வொரு முறையும் முன்பக்க அட்டவணைக்குத் திரும்ப வேண்டும். விடை நூலுள் இருந்தும் கைக்கு எட்டாமல் இருந்தது. 1974இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு எண்முறையைத் திருத்தியமைத்தது. 1989இல் கவி பதிப்பித்த நான்காம் பதிப்பு எண்களுக்குப் பதில் எழுத்துக் குறியீடுகளைப் புகுத்தியது. 1995ஆம் ஆண்டுப் பதிப்பு அவற்றையும் எளிதாக்கியது. ஒவ்வொரு எளிமையாக்கத்திலும் பட்டியலின் இறுக்கம் சிறிது தளர்ந்தது. ‘இல்லை என்றால் ஆகாது’ என்று துணிந்து கூறும் உரிமையை ஆசிரியர் சிறிது சிறிதாக இழந்தார்.

உற்றது உரைத்தல்

1987இல் ஜான் சின்க்ளேர் தலைமையில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவாகி வெளிவந்த கோபில்டு அகராதி, ஏறத்தாழ இரண்டு கோடிச் சொற்கள்கொண்ட தரவகத்தை அடிப்படையாகக் கொண்டது. தொகுப்பாளரின் உள்ளுணர்வை நம்பாமல் மெய்யான வழக்கை நம்புவது அதன் கொள்கை. விளக்கங்களை முழுத் தொடர்களாக அமைத்ததன்மூலம், சொல் வழங்கும் அமைப்பை விளக்கத்தினுள்ளேயே காட்டிற்று. அகராதிக் கலையில் இது புதுநெறி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆசிரியரின் ஐய வினாவுக்கு இது எவ்வகை விடை?

‘ஆடுவாயா?’ என்று கேட்டவர்க்குக் ‘கால் வலித்தது’ என்று கூறுவது உற்றது உரைத்தல். நிகழ்ந்ததைக் கூறி, முடிவைக் கேட்டவரிடமே விட்டுவிடும் குறிப்பு விடை அது. தரவகமும் இதையே செய்கிறது. ‘இத்தொடர் எழுதலாமா?’ என்ற வினாவுக்கு, ‘இத்தொடர் இத்தனை முறை வந்துளது’ என்று விடை பகர்கிறது. அருகி வருவது பிழையா, அருகிய வழக்கா? ஒருமுறையும் வாராதது ஆகாததா, இன்னும் வாராததா? விடைத்தாளில் ஒரு கோடு இட வேண்டியவர்க்கு எண்ணிக்கை உதவாது. தாய்மொழியாளரிடம் நேரில் கேட்டாலும் நிலை இதுவே. ‘என் காதுக்கு அது சரியாகப் படவில்லை’ என்பார். தன் செவிக்கு உற்றதை உரைக்கிறார்; காரணம் கூறார். ஹார்ன்பியின் அட்டவணை வறண்டதாயினும் வெளிப்படை விடையின் பயனைத் தந்தது. தரவக அகராதி வளமானதாயினும் குறிப்பு விடையோடு நின்றது. இவ்வேற்றுமையைக் கருதாமல், பின்வந்தது முன்னதைவிட எல்லா வகையிலும் மேம்பட்டது என்று கூறுவது பொருந்தாது.

அகராதிப் பதிப்பகங்களும் இதனை உணர்ந்தன என்பதற்குச் சான்று உண்டு. 1990களில் லாங்மன், கேம்பிரிட்ஜ் ஆகிய பதிப்பகங்கள் பல நாட்டுக் கற்போர் எழுதிய கட்டுரைகளையும் தேர்வுத்தாள்களையும் தரவகமாகத் தொகுத்துப் பயன்கொண்டன. அதுவரை சிவப்பு மையோடு முடிந்துபோன பிழைகள் முதன்முறையாகச் சான்றுகள் ஆயின. அதன் பின்னர்ப் பயிலுநர் அகராதிகளில் ‘இவ்வாறு எழுதலாகாது’ என்னும் வெளிப்படைக் குறிப்புகள் பெருகின. ஆக்ஸ்போர்டு அகராதியின் அண்மைப் பதிப்புகளில் ‘சஜஸ்ட்’ என்ற பதிவின் கீழ், ஆளை நேரடிச் செயப்படுபொருளாக வைத்து எழுதலாகாது என்ற குறிப்பு இடம்பெறுகிறது. பிழைத்தொடர் குறுக்குக் கோடிட்டு அச்சிடப்படுகிறது. அகராதி என்னும் நூலில், வழங்காத தொடரொன்று அடித்துக் காட்டுவதற்கென்றே அச்சேறுகிறது. பல்லாயிரம் ஆசிரியர்களின் ஐய வினாக்கள் அந்தக் குறுக்குக் கோட்டில் வந்து சேர்ந்திருக்கின்றன.

எவருடைய மறை?

மறை விடை கிடைத்த அளவில் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. மறுப்பவர் யார் என்ற வினா அப்போதுதான் தொடங்குகிறது. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளலாம். ஆக்ஸ்போர்டுப் பயிலுநர் அகராதி இதனையும் ஆகாது என்று குறிப்பெழுதி விலக்குகிறது. தமிழில் ‘அதை விவாதித்தோம்’, ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என இரு வழக்குகளும் உண்டு. எனவே ‘பற்றி’ என்பதன் நேர்பெயர்ப்பாக ‘அபவுட்’ நுழைந்தது என்று ஒப்பீட்டு ஆய்வாளர் எளிதில் கூறிவிடுவர். ஆனால் இத்தொடர் நைஜீரியாவிலும் சிங்கப்பூரிலும் வெவ்வேறு தாய்மொழியாளரின் ஆங்கிலத்தில் வழங்குகிறது. அங்கெல்லாம் ‘பற்றி’ என்ற தமிழ்ச்சொல் சென்றிராது. காரணம் ஆங்கிலத்தினுள்ளேயே இருக்கிறது. ‘டாக் அபவுட்’ உண்டு. ‘ஸ்பீக் அபவுட்’ உண்டு. ‘டிஸ்கஷன்’ என்ற பெயர்ச்சொல்லோடும் ‘அபவுட்’ வரும். இவ்வளவும் இருக்க, வினைக்கு மட்டும் அது விலக்கு என்பதற்கு வழக்கையன்றி வேறு காரணம் இல்லை. கற்போர் பிழை செய்தனர் என்பதைவிட, மொழி விட்டுவைத்த ஒழுங்கின்மையை ஒழுங்குபடுத்தினர் என்பதே பொருத்தம்.

இதனோடு ‘பிரிபோன்’ என்ற சொல்லை ஒப்பிட்டு நோக்கலாம். ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக இந்திய அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பெருவழக்குப் பெற்ற இச்சொல், ஆக்ஸ்போர்டுப் பயிலுநர் அகராதியில் இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு இடம்பெற்றுவிட்டது. ‘பிரிபோன்’, ‘டிஸ்கஸ் அபவுட்’ ஆகிய இரண்டும் ஒப்புமையாக்கத்தால் பிறந்தவை. இரண்டும் படித்த இந்தியரின் வழக்கில் உள்ளவை. ஒன்றுக்குச் சுட்டு விடை. மற்றதற்கு மறை விடை. இவ்வேறுபாட்டிற்கு அகராதி எங்கும் காரணம் கூறவில்லை. சொல்லை ஏற்பது எளிது. அது தனித்து நிற்கும். நாட்டின் பெயரை ஒட்டி ஓரத்தில் வைத்துவிடலாம். வேடிக்கையான புதுவரவாகவும் காட்டலாம். தொடரமைப்பை ஏற்றால் இலக்கணத்தின் உள்ளே இடம் கொடுக்க வேண்டும். இந்திய ஆங்கிலத்தைச் சொற்களஞ்சிய அளவில் வரவேற்று, தொடரியல் அளவில் பிழைப்பட்டியலில் வைக்கும் இப்போக்கு இவ்வகராதிகளின் உண்மையான குறை. எடுத்துக்காட்டுப் படங்களிலும் பெயர்களிலும் உலகத்தைக் காட்டும் நூல், வினையமைப்பில் மட்டும் ஒரு தீவை விட்டு வெளியேறவில்லை.

இவ்விவாதம் புதியதன்று. 1990இல் ராண்டால்ஃப் குவர்க், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆசிரியர்கள் தாய்மொழியாளர் வழக்கோடு இடையறாத் தொடர்பு கொண்டிருத்தல் வேண்டும் என்றும், நாட்டு வழக்குகளை நிலைபேறுடையனவாகக் கொள்வது மாணவர்க்குத் தீங்கு என்றும் வாதிட்டார். மறு ஆண்டு பிரஜ் கச்ரு அதனை மறுத்து, பன்மொழிச் சூழலில் வழங்கும் ஆங்கிலத்தைக் குறைபாடாகக் காண்பது உண்மை நிலைக்குப் புறம்பானது என்று எழுதினார். கச்ருவின் பக்கமே நியாயம் மிகுதி என்பது வெளிப்படை. எனினும் குவர்க்கின் கவலையை எள்ளி ஒதுக்கிவிட முடியாது. வேலைவாய்ப்புத் தேர்விலும் அயல்நாட்டுக் கல்வித் தேர்விலும் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதும் சிற்றூர் மாணவர் மதிப்பெண் இழக்கிறார். கொள்கையளவில் அவருக்கு உரிமை வழங்கும் ஆய்வாளர் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இடையில் நிற்பவர் ஆசிரியர். 1979இல் நிகலானி, டங், ஹோசலி ஆகியோர் வெளியிட்ட இந்திய, பிரித்தானிய ஆங்கில வழக்குக் கையேடு இவ்வகை ஆசிரியர்க்கு ஓரளவு துணைநின்றது. இந்திய வழக்கையும் அதற்கு இணையான பிரித்தானிய வழக்கையும் அருகருகே நிறுத்திக் காட்டியதே அதன் பயன். ‘பிழை’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல், ‘இங்கே இவ்வாறு, அங்கே அவ்வாறு’ என்று விடை கூறுவது ஐய வினாவின் இயல்புக்கு ஒத்தது. குற்றியும் உண்டு, மகனும் உண்டு; எது எங்கே என்பதே கேள்வி. பெரும் பதிப்பகங்களின் பயிலுநர் அகராதிகள் இந்நெறியைத் தொடரமைப்புகளுக்கு இன்னும் விரிக்கவில்லை.

தமிழாசிரியர் பெறும் வினா

தமிழகத்திற்கு வெளியே தமிழ் கற்பிக்கும் துறைகளில் இந்நிலை தலைகீழாகிறது. அங்கே தமிழாசிரியர் தாய்மொழியாளர். ஐய வினா எழுப்புவோர் பிறமொழி மாணவர். ‘ஆசிரியரைக் கேட்டேன்’, ‘ஆசிரியரிடம் கேட்டேன்’ இரண்டும் ஒன்றா? ‘அவனுக்கு உதவினேன்’ என்றால் ‘அவனை உதவினேன்’ ஏன் ஆகாது? ‘வந்தான்’, ‘வந்துவிட்டான்’ எப்போது எது? தாய்மொழியாளராகிய ஆசிரியர் பெரும்பாலும் தரும் விடை, ‘அப்படிச் சொல்வதில்லை’ என்பதே. லண்டன்காரர் டோக்கியோ ஆசிரியர்க்குச் சொன்ன அதே விடை.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939இல் இணைப்புத் தொகுதி முற்றுப்பெற்றது. வினைகளுக்குச் செயப்படுபொருள் குன்றியது, குன்றாதது என்ற குறிப்பையும் திரிபு வகையின் எண்ணையும் அது தருகிறது. எந்த வேற்றுமை உருபை ஏற்கும் என்பதை அதில் தேடிப் பயனில்லை. அது அதன் நோக்கமும் அன்று. 1992இல் வெளிவந்து, 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, துணைவினைகளுக்குத் தனி விளக்கமும் தற்கால எடுத்துக்காட்டுத் தொடர்களும் தந்து இக்குறையைப் பெரிதும் போக்கியது. ஆயினும் அங்கும் பெரும்பாலும் சுட்டு விடையே. எடுத்துக்காட்டில் காணாத அமைப்பு ஆகுமா, ஆகாதா என்பதை மாணவர் தாமே உய்த்துணர வேண்டும்.

உருபேற்பை இலக்கணம் புறக்கணித்தது என்று கூறுவதற்கில்லை. அச்சப்பொருள் தரும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் ஒத்த உரிமையோடு வரும் என்று வேற்றுமை மயங்கியலில் தொல்காப்பியர் விதந்து கூறுகிறார். ஒரு வினைக் குழுவை எடுத்து, அது ஏற்கும் அமைப்புகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் பொருள் வேறுபாடு இல்லை என்றும் உரைப்பது, பாமரும் ஹார்ன்பியும் ஆங்கிலத்திற்குச் செய்த அதே வகைப் பணியாகும். அவ்விதி ‘அஞ்சு’ என்ற வினைக்கு இன்றும் ஒருவாறு பொருந்துகிறது. ‘பய’ என்ற வினைக்கோ இன்றைய வழக்கில் நான்காம் வேற்றுமையே வருகிறது. ‘நாய்க்குப் பயந்தான்’ என்பர். ‘நாயைக் கண்டு பயந்தான்’ என்பர். ‘நாயைப் பயந்தான்’ என்று ஒரு மலையாள மாணவரோ இந்தி மாணவரோ எழுதினால், அதனை அடிக்கும் ஆசிரியர் எந்த நூலைச் சான்றாகக் காட்டுவார்?